விழா வேறு, கூடல் வேறு

(மும்பையில் வாழும் தமிழ் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படைவீரர்கள் நிறைந்திருக்கும் இந்த அவையில் படையில் பணியாற்றாத ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். இந்த நகரத்தின் துறைமுகத்தில் கணக்கெழுதியவன். தொழிற்சங்கத்தில் நாற்பது ஆண்டுக்காலம் உழைத்தவன். சங்கம் வைத்து வளர்த்தவனுக்கு ஒரு உண்மை நன்றாகத் தெரியும். மனிதர்கள் தனித்தனியே இருக்கும் வரையில் அவர்களுடைய உரிமை காகிதத்தில் இருக்கும். அவர்கள் ஒன்று கூடிய பிறகுதான் அது கைக்கு வந்து சேரும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான்: விழா வேறு, கூடல் வேறு. விழாவை அரசு நடத்தும். கூடலை நாம்தான் நடத்த வேண்டும். விழாவில் வெற்றி பேசப்படும். கூடலில் மனிதர்கள் பேசுவார்கள். விழாவில் இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் கூடலில் இடம் இருக்க வேண்டும். அப்படி இல்லாத கூடல், சின்ன அளவில் நடக்கும் இன்னொரு விழாதான்.

வெற்றிக்குள்ளே ஒரு துயரம்

இது டிசம்பர் மாதம். 1971 டிசம்பர் 4-ஆம் நாள் இரவில் நம் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அந்த நாளைத்தான் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். அதை வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான், எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே இன்னொரு நாள் இருக்கிறது. டிசம்பர் 9. அன்று இரவு தியூவுக்கு அப்பால் அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி என்னும் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலான ஹாங்கோர் தாக்கி மூழ்கடித்தது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர், மொத்தம் 194 பேர் கடலோடு போனார்கள். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா தப்பித்துக்கொள்ள முயலாமல் கப்பலோடே மூழ்கினார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. தியூவில் நினைவுச்சின்னமும் எழுந்தது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். நாடெங்கும் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், 194 வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு விழுந்து அழுவதற்கு ஓர் உடல்கூட இல்லை, கல்லறையும் இல்லை. கடலைப் பார்த்துத்தான் அழ வேண்டும். ஊரே சிரிக்கும்போது தனியாக அழுகிற துயரம் இருக்கிறதே, அதற்கு ஈடான துயரம் வேறில்லை. அந்தத் துயரம் இன்னொரு குக்ரி குடும்பத்துக்குத்தான் புரியும். உயிர் தப்பி வந்த மாலுமிக்குத்தான் புரியும். “உங்கள் வீட்டுக்காரரைக் கடைசியாக நான் பார்த்தேன் அம்மா” என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எந்த அமைச்சராலும் அதைச் சொல்ல முடியாது. கூடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இது.

தொடர்பு ஏன் அறுந்துபோகிறது?

படையில் இருக்கும்போது குடும்பங்கள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. குவார்ட்டர்ஸில் பஞ்சாபிக்காரியும் நம் திருநெல்வேலிப் பெண்ணும் அக்கா தங்கையாகப் பழகுகிறார்கள். கணவன் எல்லையில் இருக்கும்போது பிள்ளைப்பேறு பார்ப்பவள் பக்கத்து வீட்டுக்காரிதான். ஆனால் அந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். கணவன் இறந்துவிட்டால், அந்தப் பெண் கணவனை மட்டும் இழப்பதில்லை. வீட்டை இழக்கிறாள், அக்கம்பக்கத்தை இழக்கிறாள், பேசிப் பழகிய மொழியையே இழக்கிறாள். டிரங்குப் பெட்டியோடும் கைக்குழந்தையோடும் ஊர் போய்ச் சேருகிறாள். அந்த ஊரில் ‘ரெக்கார்ட் ஆபீஸ்’ என்றால் என்னவென்று தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

உயிரோடு ஓய்வுபெறும் சிப்பாயின் கதை என்ன? பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணிக்குப் பிறகு நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் படிக்கிற வயது. பென்ஷன் மட்டும் போதாது. ஆகவே வங்கி வாசலில் காவல்; அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் காவல். இந்த மும்பை நகரத்தில் எத்தனை கட்டடங்களின் வாசலில், போரில் காயம்பட்ட மனிதர் ஒருவர் ‘வாட்ச்மேன்’ என்று அழைக்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! மேலே பத்தாவது மாடியில் குடியிருப்பவருக்கு அது தெரியாது.

அதிகாரிகளுக்குக் கிளப் இருக்கிறது. ஒன்றாகப் பயிற்சி பெற்ற நண்பர் வட்டம் இருக்கிறது. சிப்பாய்க்கு என்ன இருக்கிறது? பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் மதராஸ் சாப்பர்ஸ் மையம் இருக்கிறது. 1780-இல் தோன்றிய படை அது. அந்தப் படைக்காரர்களை இந்திய ராணுவமே ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கும். வெல்லிங்டனில் 1758-ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்ட் இருக்கிறது. அங்கெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய வீரர்களை அழைத்துக் கூடல் நடத்துகிறார்கள். அணிவகுப்பு உண்டு. ‘படா கானா’ உண்டு. அதிகாரியும் சிப்பாயும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். மிக நல்ல வழக்கம். ஆனால் தாராவியிலிருந்து பெங்களூர் போய்வர எத்தனை வாட்ச்மேனுக்கு விடுப்புக் கிடைக்கும்? எத்தனை விதவைத் தாய்க்குத் துணைக்கு ஆள் கிடைக்கும்? ஆகவேதான் நாம் வாழும் இடத்திலேயே கூட வேண்டும் என்கிறேன்.

எழுத்துப் பிழைக்குள் ஒரு வாழ்க்கை

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு கூட்டத்தில் ஓர் அம்மையார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீரரின் மனைவி, கணவர் இறந்து ஆறு ஆண்டு. பென்ஷன் வருகிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்றார். ஏன்? கணவரின் பென்ஷன் ஆணையில் அவர் பெயர் முருகாயி. ஆதாரில் முருகம்மாள். ஓர் அலுவலகத்தில் “இது வேறு ஆள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் விதி என்று வீட்டுக்குப் போய்விட்டார். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், எழுத்தர் வேலை பார்த்த அனுபவமுள்ளவர், இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு வேண்டிய சான்றுகளைத் தொகுத்து, முறையான இடத்துக்கு எழுதிப் போட்டார். பல மாதம் ஆயிற்று, ஆனால் வந்தது. நிலுவையோடு வந்தது.

நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். வடக்கே உள்ள எழுத்தர் தலைப்பெழுத்தைக் கடைசியில் போடுவார். அல்லது தகப்பன் பெயரையே ஆளின் பெயராக்கிவிடுவார். பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரு குடும்பத்தின் சோறு மாறிவிடுகிறது.

உரிமைகள் இல்லாமல் இல்லை. அவை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் நூற்றுக்கு 30. பணியின் காரணமாக இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் நூற்றுக்கு 60. போரில் இறந்தால் கடைசியாக வாங்கிய ஊதியம் முழுவதுமே குடும்பத்துக்கு. தானே பிழைக்க வழியில்லாத மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ, பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுதும் கிடைக்க வழி உண்டு. மருத்துவத்துக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. மாவட்ட அளவில் சைனிக் போர்டுகள் இருக்கின்றன. நம் கடற்படை மாலுமிகளின் ஆவணங்களைப் பார்க்கும் அலுவலகமே எங்கோ டெல்லியில் இல்லை. மான்கூர்டில், நம் தமிழ் மக்கள் நெருக்கியடித்து வாழும் சீத்தா கேம்ப்பில்தான் இருக்கிறது! ஆனால் அந்த மதிலுக்கு வெளியே நடந்துபோகும் நம் விதவைத் தாய்க்கு, தனக்குரிய விடை அந்த மதிலுக்குள் இருக்கிறது என்று யார் சொல்வது? கூடல் சொல்ல வேண்டும்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்பது பல பத்தாண்டுக் கோரிக்கை. 2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர்மந்தரில் பழைய வீரர்கள் பதக்கங்களோடு வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆணை பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்டது. அந்தக் கூட்டத்தைத் திரட்டியது எது? ஆண்டாண்டாகக் கூடிப் பேசிவந்த பழக்கம்தான். 2023-இல் சிப்பாய்களும் இளநிலை அதிகாரிகளும், எங்களுக்குக் கிடைத்தது குறைவு, அதிகாரிகளுக்குக் கிடைத்தது அதிகம் என்று தனியாகவே அங்கே வந்து கூடினார்கள். அவர்கள் கணக்கு முழுவதும் சரியா என்று வாதிடலாம். ஆனால், தனியாகக் கூட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று பெரிய பதவியில் இருந்தவர்கள் சிந்திக்க வேண்டும். பதவி வரிசைப்படி நாற்காலி போடும் கூடல் ஒருநாள் இரண்டாக உடையத்தான் செய்யும்.

யாரும் கொண்டாடாத போர்

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் தமிழர்கள் கூடிய இடத்தில் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது.

1987 ஜூலை மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். அந்த நடவடிக்கையில் பரம வீர் சக்கரம் பெற்றவர் ஒருவர்தான்: மேஜர் ராமசுவாமி பரமேசுவரன். 1946-இல் இதே பம்பாயில் பிறந்து, தென்னிந்தியர் இங்கே தொடங்கி நடத்தும் கல்வி நிலையத்தில் படித்து, 1972-இல் படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அந்தப் படை திரும்பிச் சென்னையில் இறங்கியபோது அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஈழத்தில் நம் இனத்து மக்கள் அந்தப் படையால் பட்ட துன்பம் தமிழ்நாட்டின் நெஞ்சில் நெருப்பாக இருந்தது. அந்தத் துன்பத்தை மறுக்கவோ மறைக்கவோ எனக்கு வாய் வராது. ஆனால் படையை அனுப்பியது சிப்பாய் அல்லவே! முடிவு எடுத்தவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணிவெடியில் கால் போனது அவர்களுக்கு அல்ல.

பிறகு என்ன நடந்தது? தமிழ்நாட்டில் அந்தப் போரைச் சொல்லிக்கொள்ள முடியாது. டெல்லிக்கோ அது நினைக்க விரும்பாத போர். பல ஆண்டுகள் அதற்கென்று அரசு விழா இல்லை. உடன் போரிட்டவர்கள் தாமே பணம் போட்டு, தாமே மலர்வளையம் வாங்கிப்போய் வைத்தார்கள். இலங்கை அரசு கொழும்புக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர்களைக் கல்லில் பொறித்தது. 2019-இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் அந்தப் பெயர்களுக்குக் கல் கிடைத்தது.

அந்தப் போரில் இருந்த தமிழ்ச் சிப்பாயின் மனத்தை எண்ணிப் பாருங்கள். எதிரே நின்றவன் பேசியதும் தமிழ். அழுத தாய் பேசியதும் தமிழ். அவர் மனைவியிடம் சொன்னதில்லை, மகனிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா? பெருமை பேசும் இடமாக மட்டும் நம் கூடல் இருக்குமானால் அவர் வாய் திறக்க மாட்டார். பெருமையும் பேசலாம், வருத்தமும் பேசலாம், தவறென்று பட்டதையும் பேசலாம் என்று இருந்தால்தான் அவர் வருவார். ஈழத்து அகதிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தாலும் முகம் திருப்பாத கூடலாக அது இருக்க வேண்டும்.

வரலாற்றில் இன்னொரு பாடம் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்கள் சேர்ந்தார்கள்! ஜான்சிராணி படையில் நம் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்த வீரர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972-இல்தான் தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களுக்கு இடம் வந்தது. இருபத்தைந்து ஆண்டு! அத்தனை காலம் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, “ஆம், இவர் எங்களோடு இருந்தார்” என்று சான்று சொன்ன தோழர்கள் இருந்ததால்தான் பலருக்கு அது கிடைத்தது. அரசு ஏற்காத காலத்தில் தோழனின் வாய்ச்சொல்தான் ஆவணம்.

நாளை வரப்போகிறவர்கள்

2022-இல் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுப் பணி. அதன் முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலையான பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய்த் தொகையோடு வெளியே வருவார்கள். அறிவித்த விதிப்படி ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஒருவன் பனிமலையில் நின்றுவிட்டு வருவான். அவனைப் பார்த்து, நீ முன்னாள் படைவீரன் அல்லன் என்று சட்டம் சொல்லும். நம் கூடல் என்ன சொல்லப்போகிறது?

“அவனுக்கு அட்டை இல்லை, உள்ளே விடாதே” என்று நாமும் சொல்வோமானால், நேதாஜி படைக்கு அன்று நேர்ந்ததையே நாமும் இவனுக்குச் செய்தவர்கள் ஆவோம். சீருடை அணிந்த ஒவ்வொருவனும் நம் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுப்போம்.

செய்ய வேண்டியவை

நாலு காரியம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு. படை எண், இருந்த அணி, பென்ஷன் ஆணை எண், மனைவியின் பெயர் அந்த ஆணையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், பிள்ளைகள் பெயர், சொந்த ஊர் முகவரி. கொலாபாவிலிருந்து முலுண்டு வரை, சயானிலிருந்து செம்பூர் வரை வீடுவீடாகப் போய் எழுத வேண்டும். நம்பிக்கையான இருவர் பொறுப்பில் அது பூட்டி வைக்கப்பட வேண்டும். தரகர் கண்ணில் படக்கூடாது. கணவர் உயிரோடு இருக்கும்போதே பெயர்ப் பிழையைத் திருத்தினால் வேலை எளிது. அவர் போன பிறகு அது மலை.

இரண்டாவது, ஒவ்வொரு கூடலிலும் ஒரு மேசை. ஸ்பர்ஷ் கணக்கு, ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்சான்று, மருத்துவ அட்டை, இவற்றைக் கணினியில் பார்த்துச் சொல்ல நம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார வேண்டும். சால்வை போர்த்துகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் இதற்கு நேரம் கிடைக்கும்!

மூன்றாவது, பெண்கள். இன்று வரை கூடல் என்றால் ஆண்கள் மேடையில், பெண்கள் சமையற்கட்டில். இதை மாற்ற வேண்டும். போரில் பாதியைச் சுமந்தவர்கள் இவர்கள். ஆண்டுக்கு ஒரு கூடலையாவது விதவைத் தாய்மார்களே தலைமையேற்று நடத்தட்டும். நாம் பந்தி பரிமாறுவோம்.

நான்காவது, நாள். ஜனவரி 14-ஐ முன்னாள் படைவீரர் நாளாக அரசு வைத்திருக்கிறது. 1953-இல் ஜெனரல் கரியப்பா ஓய்வுபெற்ற நாள் அது. பொங்கலையொட்டி வருகிற நாள். அந்த வாரத்தில் ஒரு பானையில் பொங்கல் வைத்து, எல்லா அணியும், எல்லாப் பதவியும் ஒரே பந்தியில் உட்காருவோம். கட்சிக்காரர்கள் வரலாம், கொடியை வெளியே வைத்துவிட்டு வரட்டும். அந்தப் பந்தி தொடங்குமுன், அந்த ஆண்டில் நம்மை விட்டுப் போனவர்களின் பெயர்களைப் பதவியைச் சொல்லாமல், பெயரை மட்டும் வாசிப்போம்.

பெரியோர்களே, தாய்மார்களே! படையில் ஒரு வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடிபட்டு விழுந்த தோழனைக் களத்தில் விட்டுவிட்டு வருவதில்லை. களத்தில் அந்த வழக்கத்தைக் காப்பாற்றிய நீங்கள் இந்த நகரத்திலும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பென்ஷன் வராமல் சீத்தா கேம்ப்பில் முடங்கிக் கிடக்கும் விதவையும், கேட்டுக்கு முன்னால் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பழைய நாயக்கும், பேச முடியாத போரை நெஞ்சில் சுமக்கும் மனிதரும் களத்தில் விழுந்து கிடப்பவர்கள்தான். அவர்களைத் தூக்கி வரும் பணி உங்களுடையது, கூடவே எங்களுடையதும். பதிவேட்டை நாளைக்கே தொடங்குங்கள். எழுதுவதற்கு நான் வருகிறேன்.